மூச்சுக்கு எதிரே நின்று: காது மூக்கு தொண்டை டாக்டரின் பதில்கள்

போன மாதம் காதடைப்பு பற்றி எழுதும்போது, "கொரோனா நாட்களில் எங்கள் ஆபரேஷன் தியேட்டர் பாதி பூட்டித்தான் கிடந்தது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். காதடைப்பு பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் மூன்றே மூன்று. மற்ற கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்காக வந்தவை. எத்தனை வீடுகளில் அந்தக் காலம் இன்னும் முடியாமல் இருக்கிறது என்பது அவற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

நான் தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் 20 வருடத்துக்கும் மேலாகக் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக இருக்கிறேன். அங்கே நானும் என் குழுவும் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பிரசவம் நடந்தது, குடல்வால் ஆபரேஷன் நடந்தது. காது மூக்கு தொண்டை மட்டும் ஏன் நின்றது? என் பேரனுக்கு 2020 ஏப்ரலில் டான்சில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஒன்றரை வருடம் இழுத்தடித்துவிட்டார்கள்.
ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த மார்ச் கடைசியில் எங்கள் வரிசைப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்து "இப்போது வேண்டாம்" என்று சொன்னதில் நானும் ஒருத்தி.

குடல்வாலை எடுக்கிற டாக்டர் நோயாளியின் வயிற்றில் வேலை செய்கிறார். நாங்கள் வேலை செய்வது நோயாளியின் மூச்சில். "ஆ சொல்லுங்க" என்று தொண்டையில் விளக்கடிக்கும்போது அவர் வாய்க்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். நாக்கை அழுத்தினால் குமட்டி இருமுவார். மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாய் போனால் தும்முவார். 2020க்கு முன்னால் அந்தத் தும்மலைத் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். அது எங்கள் அன்றாடம்.

அந்த வைரஸ் வந்து குடியேறிய இடமும் அதே மூக்குதான். தொண்டையில் இருப்பதைவிட மூக்கில் அதிகமாக இருக்கிறது என்று 2020 பிப்ரவரியிலேயே சீனாவிலிருந்து வந்த ஆய்வு சொல்லிவிட்டது. மார்ச் 28ஆம் தேதி இங்கிலாந்தில் ஆம்ஜத் எல்-ஹவ்ரானி என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் கொரோனாவால் இறந்துபோனார். வயது 55. அந்த நாட்டில் முதலில் பலியான மருத்துவர்களில் அவரும் ஒருவர். அன்று ராத்திரி எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. அவர் படத்தை மட்டும் ஒருவர் போட்டிருந்தார்.

காது எலும்பைக் குடையும் ஆபரேஷனும் நின்றதே, காதில் என்ன மூச்சு இருக்கிறது என்று கேட்கலாம். நடுக்காதும் மூக்கின் பின்பக்கமும் ஒரே குழாயால் இணைந்தவை. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை டிரில் வைத்துக் குடையும்போது தண்ணீரும் எலும்புத் தூளும் புகை மாதிரி கிளம்பும். மைக்ராஸ்கோப்புக்கும் நோயாளிக்கும் நடுவே பிளாஸ்டிக் விரிப்பைக் கூடாரம் மாதிரி கட்டி அதற்குள் கை விட்டு வேலை செய்யப் பழகினோம். ஆனால் அது பல மாதம் கழித்துத்தான். முதலில் எங்களுக்கு இருந்த ஒரே வழி பட்டியலை இரண்டாகப் பிரிப்பதுதான்: காத்திருக்கக் கூடியது, காத்திருக்கக் கூடாதது.

உங்கள் பேரனின் டான்சில் காத்திருக்கக் கூடிய பக்கத்தில் விழுந்தது. அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சல் வருகிற டான்சில் காத்திருக்கும். பள்ளிகள் மூடியிருந்ததால் பிள்ளைகளுக்குச் சளி, தொண்டை வலி வருவதே அப்போது குறைந்தது. எங்கள் வரிசையில் இருந்த சில குழந்தைகளுக்குக் கடைசியில் ஆபரேஷனே தேவைப்படவில்லை. ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தையின் டான்சில் அப்படி இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளை ஜூன் மாதமே கூப்பிட்டு எடுத்துவிட்டோம். உங்கள் பேரன் குறட்டை விட்டுத் திணறுவானா என்று அன்று யாராவது உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது எங்கள் பக்கத்துத் தவறு.

அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. வேர்க்கடலை புரையேறி மூச்சு வாங்கியது. போன இடத்தில் கொரோனா டெஸ்ட் முடிவு வந்தால்தான் தொடுவோம் என்றார்கள். வேறு ஊருக்கு ஓடினோம். பிழைத்துவிட்டாள். ஆனால் அவர்கள் செய்தது சரியா?
வாசகி, அருப்புக்கோட்டை

சரியில்லை அம்மா. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

அதே நேரம், அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூச்சுக்குழாயில் மாட்டிய கடலையை எடுக்க, இரண்டு முனையும் திறந்த ஓர் இரும்புக் குழாயைக் குழந்தையின் தொண்டை வழியே உள்ளே இறக்குகிறோம். பிராங்கோஸ்கோப் என்று பெயர். மயக்க மருந்து டாக்டர் அந்தக் குழாயின் பக்கவாட்டு வழியாகத்தான் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கிறார். அந்தக் காற்று குழாயைச் சுற்றியும் முனை வழியாகவும் நேரே என் முகத்துக்குத் திரும்பி வரும். எங்கள் துறையில் இதைவிட ஆபத்தான வேலை அந்த நாட்களில் இல்லை.

2020 ஜூனில் ஒரு ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு பையனை இ-பாஸ் வாங்கிக் காரில் கொண்டுவந்தார்கள். ஒன்றே முக்கால் வயது. வலது நெஞ்சில் காற்றுச் சத்தம் ஏறக்குறைய இல்லை. டெஸ்ட் முடிவு வர மறுநாள் சாயங்காலம் ஆகும். கொரோனா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குவோம் என்று முடிவு செய்ய எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தியேட்டருக்குள் நான்கே பேர்: நான், மயக்க மருந்து டாக்டர், ஒரு சிஸ்டர், ஒரு பி.ஜி. மாணவி. ஏசியை அணைத்துவிட்டோம். பி.பி.இ. கிட்டுக்குள் வியர்வை முழங்காலில் இறங்குவது தெரியும். என்95 மாஸ்க், அதன் மேல் இன்னொரு மாஸ்க், முகத்துக்கு ஷீல்டு. இத்தனையும் போட்ட பிறகு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் கை சாடைகளை முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். உள்ளங்கையைக் காட்டினால் காற்றை நிறுத்து, விரலைச் சுழற்றினால் காற்றைக் கொடு.

கடலைக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தில் ஊறிப் பருக்கும். அதன் எண்ணெய் மூச்சுக்குழாயின் உள்தோலை வீங்க வைக்கும். ஒரு நாள் தாமதித்தால் இடுக்கி பட்டதும் மாவு மாதிரி உதிரும். அன்று இரண்டு துண்டாக வந்தது. இரண்டாவது துண்டு வெளியே வந்ததும் குழந்தையின் வலது நெஞ்சு எழும்பியதை நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம். வெளியே வந்தபோது அவன் அம்மாவுக்கு யார் டாக்டர், யார் சிஸ்டர் என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரே வெள்ளை உடை. கவுனின் மேல் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தோம். அந்த அம்மா என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "புள்ளைய எங்க கையில எப்ப குடுப்பீங்க?" என்றுதான் கேட்டார். மறுநாள் முடிவு வந்தது. நெகட்டிவ். பாசிட்டிவாக இருந்திருந்தாலும் அந்த ராத்திரி செய்ததில் ஒன்றும் மாறியிருக்காது.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒன்று: நான்கு வயது வரை குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள். அப்புறம், பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் அது கடலையைவிட அவசரம். உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்க முடிகிறது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. தேன் தேடிக் கடைக்கு அலைய வேண்டாம். வீட்டில் இருந்தால் மட்டும்.

மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தார்களே, அது மூளை வரை போகும் என்று சொன்னது உண்மையா?
வாசகர், தேனி

இல்லை. மூளை மேலே இருக்கிறது. குச்சி போக வேண்டிய பாதை நேர் பின்னால், காதை நோக்கி, மூக்கின் தரையை ஒட்டி. வலித்ததற்குப் பாதிக் காரணம், பயிற்சி இல்லாத கைகள் குச்சியை மேல்நோக்கிச் சாய்த்ததுதான். அந்த ஏப்ரலில் எங்கள் பி.ஜி. மாணவர்கள் சுகாதார ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். மண்டை ஓட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, "மாடிக்கு ஏறாதீங்க, தரையிலயே போங்க" என்று ஒரு மாணவன் சொன்னது இன்னும் எனக்குக் கேட்கிறது.

2021 மே மாதம் அப்பா 23 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். கழுத்தில் துளை போடச் சொல்லி நாங்கள் கெஞ்சியும் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளினார்கள். பிழைத்து வந்துவிட்டார். ஆனால் மாடி ஏறினால் விசில் அடிப்பதுபோல் மூச்சு வருகிறது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். குறையவே இல்லை.
வாசகர், ராஜபாளையம்

தம்பி, உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டாவது விஷயம்தான் அவசரம். அதை முதலில் சொல்கிறேன். அப்பாவை இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். 23 நாள் வென்டிலேட்டரில் இருந்தவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மூச்சுக்குழாயில் வைக்கும் டியூப்பின் முனையில் ஒரு சின்ன பலூன் இருக்கும். காற்று ஒழுகாமல் இருக்க அதை ஊதி வைப்போம். அழுத்தம் கூடினால் அது குழாயின் சுவரில் ரத்தம் ஓடாமல் நசுக்கும். கொரோனா நோயாளிகளை மணிக்கணக்கில் குப்புறப் படுக்க வைத்தார்கள், அப்போது டியூப் அசையும். அங்கே புண் வரும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும், குழாய் குறுகும். இது வீட்டுக்குப் போன அன்றே தெரியாது. வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல வரும். நெஞ்சில் இருக்கும் ஆஸ்துமா மூச்சை வெளியே விடும்போது கீச்சிடும். கழுத்தில் இருக்கும் இந்தக் குறுக்கம் மூச்சை இழுக்கும்போது சத்தம் போடும். அப்பா தூங்கும்போது அவர் கழுத்தருகே காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கழுத்துக்கு ஒரு சிடி ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி பார்த்தால் தெரிந்துவிடும். பலூன் வைத்து விரிக்கலாம், குறுகிய இடத்தைத் திறந்தே வைக்கும் டி-டியூப் என்ற குழாயை வைக்கலாம், குறுகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கலாம். எது என்பது குறுகிய நீளத்தைப் பொறுத்தது. 2021 கடைசியில் எங்கள் ஓ.பி.க்கு இப்படி வந்தவர்களில் பலர் கையில் இன்ஹேலரோடுதான் வந்தார்கள்.

சரி, ஏன் தள்ளினார்கள்? கழுத்தில் துளை போடுவதை நாங்கள் டிரக்கியாஸ்டமி என்போம். கொள்ளைநோய்க்கும் அதற்கும் உறவு பழையது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் சொன்னதன் பேரில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளை போட்டு, அதன் வழியாகக் கையால் ரப்பர் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டு ராத்திரி பகலாகப் பை அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யூ.க்களின் தொடக்கம் அந்தத் துளைதான்.

கொரோனாவில் அதே துளை மருத்துவரைக் கொல்லுமோ என்ற பயம் வந்தது. குழாயைத் திறந்ததும் நோயாளியின் நுரையீரல் காற்று அப்படியே முகத்தில் அடிக்கும். நாள் ஆக ஆக வைரஸ் குறையும் என்பதால் பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் 10 நாள், 14 நாள் பொறுக்கச் சொன்னன. இன்னொரு காரணமும் உண்டு, சொல்லக் கஷ்டமான காரணம். அந்த முதல் இரண்டு வாரத்தில்தான் யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்பது தெளிவாகும். பிழைக்க முடியாதவருக்கு இன்னொரு கத்தி வேண்டாம் என்று நினைத்தோம்.

நாங்கள் போட்ட துளைகளை ஐ.சி.யூ. கட்டிலிலேயே போட்டோம். கழுத்தைத் திறந்து குழாய் கண்ணுக்குத் தெரிந்ததும் பலூனைக் கீழே இறக்கச் சொல்வோம். பிறகு வென்டிலேட்டரை நிறுத்து என்று கை காட்டுவோம். அந்த அறையில் அப்போது மானிட்டரைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது. குழாயைக் கீறி, டியூப்பைச் செருகி, பலூனை ஊதி, வென்டிலேட்டரை மாட்டும் வரை நோயாளிக்கு மூச்சு இல்லை. ஏற்கெனவே பழுதான நுரையீரல், ஆக்சிஜன் அளவு கிடுகிடுவென்று இறங்கும். மானிட்டரில் 80, 74, 68 என்று எண் குறைவதைக் கேட்டுக்கொண்டே கை நடுங்காமல் செய்ய வேண்டும். எங்கள் குழுவில் கொரோனா வந்தவர்கள் உண்டு. யாருக்கும் இந்தத் துளையிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு டீ குடித்த சின்ன அறையிலிருந்து வந்தது.

அப்பாவுக்கு இன்னும் முன்னால் போட்டிருந்தால் இந்தக் குறுக்கம் வந்திருக்காதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அது இருக்கிறது. ஒருவேளை குறைந்திருக்கும். அன்று கையில் இருந்த அறிவை வைத்து எடுத்த முடிவு அது.

என் கணவருக்குக் கருப்பு பூஞ்சை வந்து, பார்வை போன பிறகு இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். மருந்து கொடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா? நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதோ என்று இன்னும் தூக்கம் வருவதில்லை.
வாசகி, திண்டுக்கல் பக்கம்

அம்மா, இந்தக் கடிதத்துக்கு மட்டும் இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

முதலில், கருப்பு என்ற பெயர் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பூஞ்சை கருப்பு இல்லை. மண்ணிலும் அழுகிய காயிலும் இருக்கிறது, நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை எகிறி, ஸ்டீராய்டு உடம்பின் காவலையும் தளர்த்திவிட்டால் அது மூக்குக்குள் முளைக்கும். முளைத்தால் ரத்தக் குழாய்களுக்குள் நுழைந்து அடைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கும். நாங்கள் கருப்பாகப் பார்ப்பது செத்த சதையைத்தான். ரத்தமே போகாத இடத்துக்கு ஊசியில் போடும் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அதனால்தான் ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்து மட்டும் போதாது, கத்தியும் வேண்டும். செத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டே போவோம், எந்த இடத்தில் தொட்டால் சிவப்பாக ரத்தம் கசிகிறதோ அதுவரை. வேறு எந்த ஆபரேஷனிலும் ரத்தத்தை நிறுத்தப் பாடுபடுவோம். 2021 மே, ஜூன் மாதங்களில் ரத்தத்தைப் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி.

கண்ணுக்குப் பின்னால் உள்ள குழிக்கும் மூளைக்கும் நடுவே வழி இருக்கிறது. பார்வை முழுவதும் போய், கண் அசையாமல் நின்று, பூஞ்சை அந்தக் குழியை நிறைத்துவிட்டால் அடுத்தது மூளை. பார்வை மிச்சம் இருந்தவர்களுக்குக் கண்ணுக்குப் பின்னால் மருந்து ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்த்தோம், சில கண்கள் தப்பின. உங்கள் கணவருக்குப் பார்வை போன பிறகுதான் எடுத்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டதால்தான் அவர் இன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தக் கையெழுத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியவர் நீங்கள் இல்லை.

மருந்துத் தட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் ஒரு குப்பி 50 மில்லிகிராம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 குப்பி, அதுவும் வாரக்கணக்கில். நாட்டில் யாரும் அத்தனை குப்பிகளை இருப்பு வைத்திருக்கவில்லை. மே மாதம் தமிழக அரசு இதை, வந்தவர்கள் பற்றி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக ஆக்கியது, மருந்தும் பட்டியல் போட்டுப் பங்கிட்டுத்தான் வந்தது. காலையில் பெட்டி வந்ததும், இருப்பதை எத்தனை பேருக்கு எப்படிப் பிரிப்பது என்று நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்ட நாட்களை மறக்க முடியவில்லை.

எனக்கு இன்றும் கோபம் ஒரு விஷயத்தில். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்படுகிற நோயாளியைக் காக்கிறது என்று 2020 ஜூனிலேயே இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு காட்டியது. தினம் 6 மில்லிகிராம், அதிகம் போனால் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பயன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆனால் 2021இல் வீட்டிலேயே இருந்தவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, சர்க்கரை அளவைப் பார்க்காமல், இரண்டு வாரம் மூன்று வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டார்கள். அவர்களில் எத்தனை பேரின் மூக்கைத் திறந்து பார்த்தேன்!

சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்றைக்கும் இது பொருந்தும்: ஒரு பக்கக் கன்னத்தில் வலி அல்லது மரத்துப் போதல், திடீரென்று ஆடும் பல், மூக்கில் ரத்தம் கலந்த சளி, கண் வீக்கம், ஒன்று இரண்டாகத் தெரிதல். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள், நாளைக்கு வேண்டாம். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

கொரோனா வந்து போனதிலிருந்து காபி ரப்பர் எரிகிற வாசனை அடிக்கிறது. வெங்காயம் தாளித்தால் வாந்தி வருகிறது. சமையலே பிடிக்கவில்லை.
வாசகி, காரைக்குடி

உங்கள் மூக்கு செத்துப்போகவில்லை, தவறாகப் படிக்கிறது. வாசனை நரம்பைச் சுற்றித் தாங்கும் செல்களைத்தான் அந்த வைரஸ் தாக்கியது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். தாங்குவது சாய்ந்தால் நரம்பும் வாடும். மறுபடி முளைக்கும்போது கம்பிகள் இடம் மாறி இணைவதுபோல் ஆகிவிடுகிறது. காபி, வெங்காயம், பூண்டு, வறுத்தது, தாளித்தது: இவைதான் பலருக்கும் மோசமாகத் தெரிபவை. நம் சமையலறையில் இவற்றை விட்டால் என்ன இருக்கிறது!

மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 10, 15 நொடி மெதுவாக முகர்ந்து, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவாருங்கள். தைலத்தை மூக்கில் விடக் கூடாது. குறைந்தது 12 வாரம், விடாமல். சாப்பாட்டை ஆறவிட்டுச் சாப்பிடுங்கள், சூட்டில் வாசனை கூடும். தயிர்சாதம், பழம் எல்லாம் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. அப்புறம், காஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அடுப்பறையில் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

ஒரு மனப்பாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் ஒரு சமையல்காரர் என் ஓ.பி.க்கு வந்து, சளி இல்லை, காய்ச்சல் இல்லை, சாம்பார் வாசனை மட்டும் தெரியவில்லை என்றார். இங்கிலாந்தில் கிளேர் ஹாப்கின்ஸும் நிர்மல் குமாரும் இதைக் கொரோனாவின் அறிகுறியாகக் கருத வேண்டும் என்று மார்ச் மாதமே அறிக்கை விட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். ஆனால் நம் நாட்டுப் பட்டியலில் அது ஜூன் மாதம்தான் சேர்ந்தது. டெஸ்ட்டுக்கு அனுப்ப வழி இல்லை என்று நினைத்து மூக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினேன். தனியாக இருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தினமும் மூன்று வேளை ஆவி பிடித்ததால்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை என்று மாமியார் சொல்கிறார்.
வாசகி, விருதுநகர்

ஆவி மூக்கடைப்புக்கு இதம். வைரஸைக் கொல்லாது, வராமலும் தடுக்காது. கொதிக்கிற பானைமேல் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்த குழந்தைகள் வெந்துபோய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் பிடிக்கலாம், அடுப்பிலிருந்து இறக்கி, மேஜைமேல் வைத்து. குழந்தைக்கு வேண்டாம். மாமியாரிடம் சண்டை போடவும் வேண்டாம்.

என் கணவருக்குக் குரல் கரகரவென்று இருக்கிறது. பீடி பழக்கம் உண்டு. "கொரோனாவுக்கு அப்புறம் எல்லோருக்கும் இப்படித்தான்" என்கிறார். கூட்டம் இருக்கும், தொற்றிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்.
வாசகி, சங்கரன்கோவில்

கடைசியாக வந்த கடிதம் இதுதான், ஆனால் இந்தப் பக்கங்களை எழுத உட்காரவைத்ததும் இதுதான்.

எங்களிடம் ஒரு பஸ் கண்டக்டர் வருவார். 2020 ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குக் குரல் கம்மியது. பஸ் ஓடவில்லை, பிறகு இ-பாஸ், பிறகு ஆஸ்பத்திரி என்றாலே பயம். அவருடைய வார்த்தையில், "உசுரோட இருக்கணும்னுதான் டாக்டர் வீட்டுலயே இருந்தேன்." வந்து சேர்ந்தது டிசம்பரில், மூச்சுக்குத் திணறிக்கொண்டு. குரல்வளை முழுவதும் கட்டி. மார்ச்சில் அது ஒரு பக்கக் குரல் நாணில் மட்டும் இருந்திருக்கும். அந்த நிலையில் ரேடியேஷன் மட்டுமே கொடுத்துப் பத்தில் ஒன்பது பேரைக் குணமாக்கலாம், குரலும் மிஞ்சும். டிசம்பரில் குரல்வளையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது கழுத்துத் துளையில் விரலை வைத்து, அங்கே பொருத்திய சின்ன வால்வு வழியாகப் பேசுகிறார். விசிலை மகனுடைய பையன் விளையாடக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அந்த நாட்களில் நாங்கள் போட்ட இரண்டு பட்டியல்களில் கரகரத்த குரல் எப்போதும் காத்திருக்கக் கூடாத பக்கத்தில்தான் இருந்தது. அவருக்கு அது தெரியாது. நாங்கள் ஊருக்குச் சொல்லவில்லை. கதவுகளை மூடிவிட்டோம் என்ற செய்தி மட்டும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது, திறந்திருந்த கதவு எது என்ற செய்தி போகவில்லை.

உங்கள் கணவருக்கு எத்தனை நாளாக இப்படி என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வாரம் தாண்டியிருந்தால், பீடி குடிக்கிறவர் என்பதால், இதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கூட்டத்துக்குப் பயந்தால் ஒரு மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும், நானும் ஓ.பி.யில் இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா குழாயை விட்டுக் குரல் நாணைப் பார்ப்பார்கள், இரண்டு நிமிடம், வலிக்காது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கும். திங்கட்கிழமை காலையில் சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்குங்கள். அவர் வரமாட்டேன் என்றால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து, கண்டக்டரைப் பற்றிய பகுதியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.